ஊசிக்கும் ஓய்வு வேண்டும்

பச்சை குத்துவது உருப்படாதவர்களின் தொழில் என்பர் பலர். கிள்ளானில் அத்தொழில் செய்யும் என் அத்தை மகன் காலை முதல் இரவு வரை குனிந்தே இருப்பார். வருவோர் கேட்பதோ அதே வேல், அதே சிங்கம், அதே காதலியின் பெயர். வாடகைக்காக எதையும் மறுக்காமல் குத்தினார். சொந்தமாக வரைவதையே மறந்தார். ஒருநாள் கை நடுங்கியது. காகிதமென்றால் கிழித்தெறியலாம், தோலை என்ன செய்வது?

இப்போது திங்கள்தோறும் கடை அடைப்பு. அன்று வரைவது மட்டுமே. பயணம் புறப்படும் இபான் இளைஞரின் தோள்களில் குத்தப்பட்ட 'புங்காய் தெருங்' எனும் கத்தரிப்பூ வடிவத்தைப் பயில்கிறார். வருமானம் குறைந்தது உண்மைதான். கோடுகள் மீண்டும் உறுதியாயின.

அடுத்தவர் உடலைத் தொடும் கலைஞனுக்கு ஓய்வும் கடமையே. இரவெல்லாம் விழித்துத் தேர்வெழுதும் நாமும் சிந்திப்போம், நண்பர்களே!