குட்டையில் கூடி வாழும் மீன்கள்

பண்ணைக் குட்டைகளில் மீன் வளர்க்கும் வழக்கம் நமது குடியானவர்களிடையே பரவி வருவது மகிழ்ச்சிக்குரிய விஷயம். பாசனத்திற்கென்று தேக்கிய ஜலத்திலிருந்து ஓர் உபரி வருமானமும் காணலாமென்ற எண்ணம் மெச்சத்தக்கதே. ஆயினும், எந்த மீனுடன் எந்த மீனைச் சேர்த்து விடுவது என்பதில் போதிய யோசனை செலுத்தப்படுவதாகத் தெரியவில்லை. வியாபாரி பையில் கொண்டு வந்த குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கேட்கின்றனர்; விலையைக் கேட்கின்றனர்; இனம் யாதென்று கேட்பவர் சிலரே. குட்டையில் உண்டாகும் நஷ்டத்திற்குக் காரணம் பெரும்பாலும் தீனிக் குறைவன்று, பொருந்தாத கூட்டே என்பது என் அபிப்பிராயம்.

நிலத்தில் இத்தகைய தவறை நமது குடியானவர் செய்வதில்லை. நிலக்கடலையில் துவரையை ஊடுபயிராக விதைக்கின்றனர். துவரையின் வேர் ஆழத்திற் செல்வது. கடலையின் வேர் மேலாக நிற்பது. ஒன்று முந்தி அறுவடையாவது, மற்றொன்று பிந்தி அறுவடையாவது. ஆதலின் ஒன்றின் பங்கை மற்றொன்று பறிப்பதில்லை. இவ்வறிவையே குட்டைக்கும் கொண்டு செல்ல வேண்டும். நிலத்தில் பயிர் வாடினால் கண்ணுக்குத் தெரியும். ஜலத்திற்குள் ஒரு மீன் மற்றொன்றைப் பட்டினி போடுவதும் விழுங்குவதும் வலை இழுக்கும் நாள் வரை தெரிவதில்லை. ஆகவே யோசனை குஞ்சு விடுவதற்கு முன்னரே தேவை.

குஞ்சு வாங்குமுன் ஒவ்வோர் இனத்தைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அது ஜலத்தின் எம்மட்டத்தில் மேயும்? எதைத் தின்னும்? அதன் வாய்க்குள் உடன் வாழும் மீன் அடங்குமா?

இம்மூன்றிற்கும் நல்ல விடை தருவன கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூன்று பெருங்கெண்டைகள். கட்லா மேல் மட்டத்தில் மேய்ந்து, ஜலத்தில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பிராணிகளைத் தின்பது; அதன் வாய் மேல் நோக்கியிருப்பதே இதற்கு அடையாளம். ரோகு நடுமட்டத்தது, மிர்கால் அடிமட்டத்தில் மக்கிய பொருள்களைத் தின்பது. ஒரே குட்டை இம்மூன்றிற்கும் மூன்று அடுக்கு வீடாகின்றது. நீருக்குள் களை அதிகமிருந்தால் புல் கெண்டையைச் சிறிது சேர்க்கலாம். அது களையைத் தின்று, தன் எச்சத்தால் குட்டைக்கு எருவும் இடும்.

இனி, பார்வைக்குச் சாதுவாயிருந்தும் கூட்டுக்கு இடைஞ்சலான மீன்களைக் கூறுவோம். வெள்ளிக் கெண்டை 1959-ம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டு வரப்பட்டது. விரைந்து வளர்வது, எம்மீனையும் கடிப்பதில்லை. ஆயின் கட்லாவைப் போல் அதுவும் மேல் மட்டத்தில் மேய்வது. வட இந்தியாவில் பக்ரா அணையால் உண்டான கோவிந்த சாகர் நீர்த்தேக்கத்தில், 1971-ல், அருகிலிருந்த பண்ணையினின்று வெள்ளத்தில் தப்பிய வெள்ளிக் கெண்டை புகுந்தது. அது பெருகப் பெருக, முன்னர் நன்கு கிடைத்து வந்த கட்லா குறைந்து போயிற்று. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பிலேயே இவ்வாறாயின், அரை ஏக்கர்க் குட்டையில் என்னாகும்? இரண்டையும் சேர்த்து வளர்ப்போர், மேல் மட்டத்திற்குரிய பங்கை இரண்டிற்கும் பகிர்ந்து விடவேண்டுமேயன்றி, கட்லாவின் முழுப் பங்கின் மேல் வெள்ளிக் கெண்டையையும் கூட்டுதல் கூடாது. அவ்வாறே சாதாக் கெண்டையும் மிர்காலும் அடிமட்டத்தைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டியவை. சாதாக் கெண்டை தீனி தேடிக் கரையைக் குடைவதால், பலமற்ற மண்கரையுள்ள குட்டைக்கு அது ஏற்றதன்று.

1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்திற்குக் கொண்டு வரப்பட்டுப் பின்னர் எங்கும் பரவிய ஜிலேபி மீன் வேறு விதமான தொல்லை தருவது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாத்துக் காப்பாற்றுவதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்து விடுகின்றன. இரண்டு மூன்று மாதத்துக் குஞ்சே இனம் பெருக்கத் தொடங்கும். கெண்டைக்கு இட்ட தவிடும் பிண்ணாக்கும் விரல் நீள ஜிலேபிக் கூட்டத்திற்கே போய்ச் சேரும்.

விராலும் வாளையும் பிற மீன்களை உயிரோடு விழுங்குவன. "விராலுக்கு நல்ல விலை உண்டே, கெண்டையோடு சில விட்டாலென்ன?" என்று கேட்பவருண்டு. விலை உண்டென்பது உண்மையே. அவ்விலை கெண்டைக் குஞ்சுகளை விழுங்கி வந்ததாயின் அது லாபமாகுமா? விரால் வளர்க்க விரும்புவோர் தனிக் குட்டை வைத்துக் கொள்வதே நலம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றி இருவேறு கருத்துக்கு இடமில்லை. அது நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். சீர்கெட்ட ஜலத்திலும் உயிர் வாழ்வது, அகப்பட்டதையெல்லாம் தின்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டை வழிந்தால் அது வாய்க்கால் வழியே ஊர் ஏரியை அடையும். அயிரை, குறவை முதலிய நமது மீன்களுக்கு அங்கும் ஆபத்து. ஒருவர் தம் குட்டையில் விட்டது ஊர்ப் பொதுச் சொத்தை அழிக்குமாயின், அதை அவருடைய சொந்த விஷயமென்று விட்டுவிட முடியாது.

"பல இனம் கலந்து விட்டால் ஏதேனும் ஒன்று பிழைக்கும்" என்பது சிலர் கூறும் சமாதானம். முற்காலத்தில் இதற்கு ஒரு நியாயமிருந்தது. பெருங்கெண்டைகள் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை; ஆகவே ஆற்று வெள்ளத்தில் வலை கட்டிக் குஞ்சு பிடிக்க வேண்டியிருந்தது. அதில் வேண்டியதும் வேண்டாததும் கலந்தே வந்தன. 1957-ம் ஆண்டு கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரியும் ஆலிக்குஞ்ஞியும், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாரத்தை ஊசி மூலம் செலுத்தி, பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். அதன் பின் இனம் பிரித்தே குஞ்சு உற்பத்தி செய்ய வழி பிறந்துவிட்டது. இன்றும் கலப்புக் குஞ்சை வாங்குவது, விதை நெல்லில் களை விதையைக் காசு கொடுத்துக் கலந்து வாங்குவது போலாகும்.

அனுஷ்டானத்திற்குச் சில குறிப்புகள் தருவோம். முதலில் குட்டையைக் கோடையில் வற்ற வைத்துக் காயப்போட வேண்டும். விரால் ஈரச்சேற்றில் ஒளிந்து உயிர் தாங்குமாதலால், சேறு வெடிக்கும் வரை காய்வது அவசியம். வற்றாத குட்டையாயின், ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஏக்கர் ஜலத்திற்குச் சுமார் 1,000 கிலோ வீதம் இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்துத் தெளித்தால் பழைய மீன்கள் ஒழியும். பிண்ணாக்கு பின்னர் எருவாகும். அதன் நஞ்சு நீங்குவதற்கு 3 வாரம் வரை காத்திருந்த பின்னரே குஞ்சு விடவேண்டும். அந்நாட்களில் கால்நடைகளை அக்குட்டையில் தண்ணீர் குடிக்க விடலாகாது.

ஏக்கருக்கு 2,000 குஞ்சுகள் போதும். புதிதாகத் தொடங்குவோர் கட்லா 800, ரோகு 600, மிர்கால் 600 என்று விடலாம். குஞ்சுகள் சுமார் 10 சென்டிமீட்டர் நீளமும் ஒரே அளவும் உள்ளவையாயிருத்தல் நன்று. வாங்குமுன் ஒரு கைப்பிடிக் குஞ்சை வெள்ளைப் பாத்திரத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். பெருந்தலையும் மேல்நோக்கிய வாயும் கட்லாவின் அடையாளம். ஓரம் சிலும்பிய உதடு ரோகுவினது. முதுகுத் துடுப்பில் கூரிய முட்களுள்ளது ஜிலேபி. செதிலின்றி நீண்ட மீசைகளுள்ள குஞ்சு ஒன்று தென்பட்டாலும் அப்பையை வாங்காமல் விடுவதே உத்தமம்.

இவ்விஷயத்தில் பொறுப்பு குடியானவருடையது மட்டுமன்று. குஞ்சு விற்போர் ஒவ்வொரு பையிலும் இனத்தையும் எண்ணிக்கையையும் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். விதைக்கு முத்திரைச் சீட்டு வேண்டுமென்று கேட்கப் பழகிய நமது குடியானவர், மீன் குஞ்சுக்கும் அவ்வாறே கேட்டால் விற்போரும் வழிக்கு வருவர். கிராமங்களுக்குச் செல்லும் இலாகா ஊழியர்களும், குட்டை வெட்டுவதற்கு உதவுவதோடு நில்லாமல், அதில் எதை விடுவது, எதை விடலாகாது என்பதையும் எடுத்துரைப்பது கடமையாகும். மழைக்காலம் வருமுன் குட்டையைத் திருத்தி, இனமறிந்து குஞ்சு விட்டு, இவ்வாண்டு பலனை அடுத்த ஆண்டுக்கு வழிகாட்டியாகக் குறித்து வைத்துக் கொள்ளுமாறு குடியானவர்களைக் கேட்டுக் கொள்கிறேன்.

— ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர்