இசைப் பகுதி: பரூர் வீட்டுப் பிடில்

பிடில் கற்கும் பிள்ளைகள் உள்ள நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்கு அடிக்கடி எழுகின்றது. சென்ற திங்கள் செம்பூரில் அன்பர் ஒருவர் வீட்டில் அது நம் முன்னிலையிலேயே நடந்தது. அவருடைய மகள் ஆறு ஆண்டுகளாக ஒரு கர்நாடக சங்கீத ஆசிரியரிடம் பயில்கிறாள். வர்ணங்கள் முடிந்து கீர்த்தனங்கள் நடக்கின்றன. இப்பொழுது இந்துஸ்தானி முறையையும் கற்க வேண்டுமென்கிறாள். பாட்டியார் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்: "கை கெட்டுப் போகும்." தந்தையோ, இவ்வூரில் வாழ்ந்துகொண்டு இவ்வூர் இசைக்குக் காதைப் பொத்திக்கொள்வது எப்படி என்று கேட்டார். நம்மை நடுவராக்கினார்கள். நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னோம். அதையே இங்கும் எழுதுகிறோம்.

கேரளத்துப் பரூரில் 1891-இல் பிறந்த சுந்தரம் ஐயர், இளமையில் நம் பம்பாய்க்கு வந்தவர். அக்காலத்தில் இந்நகரில் பண்டித விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் காந்தர்வ மகாவித்யாலயம் நடந்துவந்தது. 1901-இல் லாகூரில் தொடங்கிய அந்தப் பள்ளியைப் பலுஸ்கர் 1908-இல் பம்பாய்க்கும் கொண்டுவந்தார். அரண்மனைகளிலும் உஸ்தாதுகளின் வீடுகளிலும் அடைபட்டிருந்த சங்கீதத்தைப் பாடத்திட்டம், வகுப்பு, தேர்வு என்ற ஒழுங்கில் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்ட பெருமை அவருடையது. தென்னாட்டுப் பிடிலோடு வந்த சுந்தரம் ஐயருக்கு அங்கே இந்துஸ்தானி இசை பழக்கமாயிற்று. சாரங்கியும் ஆர்மோனியமுமே பக்கவாத்தியமாக விளங்கிய அவ்விசையில் பிடிலுக்கு இடம் தேடித் தந்தவர்களுள் அவரும் ஒருவர். பிழைப்புக்காக இந்நகருக்கு வந்து, கற்றதோடு கூட ஒன்றையும் கற்றுத் திரும்பியவர் என்ற முறையில், அவரை நம் கூட்டத்தாருள் ஒருவராகவே கருதுகிறோம். அதில் பிழையில்லை என்று நினைக்கிறோம்.

தாம் பெற்ற இரண்டு செல்வங்களையும் அவர் தம் மக்களுக்கு அளித்தார். மூத்தவர் எம்.எஸ். அனந்தராமன், அரங்கில் வாசித்ததோடு சென்னை அரசு இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து பலரை உருவாக்கியவர். இளையவர் எம்.எஸ். கோபாலகிருஷ்ணன். 1931-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்த இவர் எட்டாம் வயதிலேயே தந்தையோடு மேடை ஏறினார். 2013 ஜனவரியில் மறையும் வரை வில்லைக் கீழே வைக்கவில்லை.

இனிப் பாட்டியாரின் அச்சத்திற்கு வருவோம். அது வெறும் பிடிவாதம் அன்று. நம் ஹிந்தோளத்தையும் வடக்கத்தியாரின் மால்கௌன்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வரங்கள் ஐந்தும் அவையே. ஆனால் நம் இசையில் ஸ்வரம் கமகத்தோடு பிறக்கிறது. விரல் அசைந்தால்தான் ராகத்துக்கு உயிர். அங்கோ ஒரு ஸ்வரத்தில் அசையாது நெடுநேரம் நிற்கவேண்டும். அடுத்ததற்குப் போகையில் மீண்ட் என்னும் வழுக்கலாக, இடைவெளி தெரியாமல் போகவேண்டும். வில்லின் கதையும் அத்தகையதே. கீர்த்தனத்தில் சாகித்தியத்தின் எழுத்துக்கு ஏற்ப வில் திரும்புகிறது. விளம்பித கயாலிலோ வில் மூச்சைப் போல நீள வேண்டும். பெயரிலும் பொறி உண்டு: அவர்கள் தோடி என்பது நமக்குச் சுபபந்துவராளியின் ஸ்வரங்கள், நம் தோடியின் ஸ்வரங்களோ அவர்களிடம் பைரவி. அரைகுறையாகப் பயின்ற பிள்ளை ஹிந்தோளத்தை அசைக்காமலும் மால்கௌன்ஸை அசைத்தும் வாசித்து, இரண்டிலும் நிற்காமல் போவது உண்டு. அத்தகைய வாசிப்பை இந்நகர மேடைகளில் நாமே கேட்டு, மரியாதைக்குக் கைதட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

கோபாலகிருஷ்ணன் இதை எவ்வாறு வென்றார்? கலந்து வென்றாரல்லர், பிரித்து வென்றார். ஜி.என். பாலசுப்பிரமணியத்துக்கும் பாலமுரளி கிருஷ்ணாவுக்கும் பக்கத்தில் அமர்ந்தபோது அவர் வாசித்தது கலப்பற்ற கர்நாடகம். பண்டித ஓம்காரநாத் தாகூரோடு அமர்ந்தபோது அந்த வில்லே வேறாயிற்று. பக்கவாத்தியக்காரரின் தொழில் எவ்வளவு கடினமானது என்பதைக் கச்சேரி கேட்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாடகர் அடுத்து எங்கே போவார் என்று தெரியாது, போன பின்பு தொடர்ந்தால் தாமதமாகிவிடும், முந்தினால் அவமரியாதை. இந்த நிழல் வேலையை இரண்டு மரபுகளிலும் செய்வதென்றால், இரண்டு மரபுகளின் மனத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஓம்காரநாத் தாகூர் பலுஸ்கரின் நேர்ச் சீடர் என்பதை நினைவிற்கொண்டால் இச்சேர்க்கையின் அருமை புரியும். தந்தை பம்பாயில் எந்தப் பள்ளியின் இசையைக் கேட்டாரோ, அதே பள்ளியின் பெரும் பாடகருக்கு மகன் பக்கத்தில் அமர்ந்தார்.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது சாதகம். ஒரே தந்தியில் விரல் நெடுந்தூரம் ஏறி இறங்கும் அந்த வாசிப்பும், எவ்வளவு விரைவிலும் சுத்தமாய் விழும் ஸ்வரமும், பல ஆண்டு காலை வேளைகளின் விளைவு. பத்மஸ்ரீ 1975-இலும், சங்கீத கலாநிதி 1997-இலும், பத்மபூஷண் 2012-இலும் வந்தன. விருதுகளைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை. அவருடைய மகள் நர்மதா தந்தையிடமே பயின்று பிடில் வித்வாம்சினியாக விளங்குகிறார் என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இன்னொரு தமிழ்க் குடும்பமும் நினைவுக்கு வருகிறது. 1938-இல் பிறந்த என். ராஜம், தந்தை நாராயண ஐயரிடம் கர்நாடக முறையில் தொடங்கி, அதே ஓம்காரநாத் தாகூரிடம் சீடராகி, வாய்ப்பாட்டின் சாயல் முழுவதையும் பிடிலில் கொணர்ந்தார்; காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். அண்ணன் டி.என். கிருஷ்ணனோ கர்நாடகத்திலேயே நின்று சிகரம் தொட்டார். ஒரே வீடு, ஒரே தந்தை, இரு வழிகள். எவர் கையும் கெடவில்லை.

ஆனால் இவர்கள் எல்லோரும் முதலில் ஒரு வீட்டைக் கட்டி முடித்த பிறகே அடுத்த வீட்டுக்கு அடித்தளம் தோண்டினார்கள் என்பதைச் செம்பூர்ப் பெண்ணிடம் சொன்னோம். அவள் முகம் சற்று வாடிற்று. பாட்டியார் முகம் மலர்ந்தது. அப்பொழுது, இதுவரை வாய் திறவாதிருந்த ஆசிரியர் ஒரு நிபந்தனை விதித்தார்: விரிபோணி அடதாள வர்ணத்தை இரண்டு காலத்திலும் வில் பிசகாமல் வாசித்துக் காட்டட்டும், மறுநாளே மால்கௌன்ஸ் கற்பிக்கத் தக்க ஆசிரியரிடம் தாமே அழைத்துச் செல்வதாக. பாட்டியார் நாள் குறித்துக்கொள்ளச் சொன்னார். பெண் அன்று மாலையே பிடிலைச் சுருதி சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் காலம் ஓரளவு வந்தது, இரண்டாம் காலத்தில் வில் தடுக்கியது.