வெதுவெதுப்பான பியர் என்றோர் அவதூறு

இங்கிலாந்தின் மரபான பியர் வெதுவெதுப்பானது, நுரையற்றது, சப்பென்றிருப்பது என்றோர் அவதூறு உலகெங்கும் உலவி வருகிறது. அதை நம்பிக்கொண்டு லண்டன் வந்திறங்கிய நண்பரொருவரை, வந்த மறுநாளே ஒரு மதுவிடுதிக்கு அழைத்துச் சென்றோம். அவர் வாழ்நாள் முழுதும் லாகர் மட்டுமே அருந்தியவர். சென்னையில் பியர் என்றாலே ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த, வியர்த்து வழியும் லாகர் புட்டிதானே! அவரைக் கேளாமலேயே, கரிய நிறத்து ஸ்டவுட் ஒரு முழுப் பைன்ட் வாங்கி முன்னே வைத்தோம். இரண்டு மிடறு விழுங்கியவர், "கஷாயத்தை ஆறவைத்துக் கொடுத்தது போலிருக்கிறதே" என்றார். மீதியை நாமே குடித்து முடிக்க வேண்டியதாயிற்று.

அவருடைய ரசனையைக் குறைகூறியபடியே அன்று வீடு திரும்பினோம். பின்னர் யோசித்தபோது, பிழை முழுதும் நம்முடையதே என்பது விளங்கிற்று. குடிக்காதவரைக் குடிக்கத் தூண்டுவது நம் நோக்கமன்று. ஏற்கெனவே பியர் அருந்துபவருக்கு அதன் இன்னொரு வகையை எவ்வாறு அறிமுகம் செய்வது என்பதே இங்கு பேச்சு.

முதலில் ஏல் என்பது எது? லாகர், ஏல் இரண்டுமே முளைகட்டிய வாற்கோதுமை, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், நீர் ஆகியவற்றால் ஆனவை. வேறுபாடு ஈஸ்டிலும் வெப்பநிலையிலும் இருக்கிறது. ஏலின் ஈஸ்ட் ஏறக்குறைய 20 பாகை செல்சியஸில் விரைந்து நொதித்து, பழவாசனைகளைத் தோற்றுவிக்கும். லாகரின் ஈஸ்ட் 10 பாகையை ஒட்டிய குளிரில் மெல்ல நொதிக்கும். பிறகு வாரக்கணக்கில் கடுங்குளிரில் ஓய்வு கொள்ளும். லாகர் என்ற பெயரே சேமித்துவைத்தலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான். 'ரியல் ஏல்' எனப்படுவதற்கு இன்னுமொரு நிபந்தனை உண்டு. எந்தப் பீப்பாயிலிருந்து அது ஊற்றப்படுகிறதோ அந்தப் பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து முதிர வேண்டும். வெளியிலிருந்து வாயுவைச் செலுத்தி அதை மேலேற்றக் கூடாது. விடுதியின் நிலவறையில் அது உயிரோடு இருக்கிறது. மேலே நிற்பவர் கைப்பம்பை இழுத்துக் கோப்பையை நிரப்புகிறார்.

நம்மவர்க்கு இது முற்றிலும் அந்நியமான செய்தியுமன்று. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலையும், நெல்லிலிருந்து இல்லத்திலேயே ஆக்கிய தோப்பியையும் சங்கப் பாடல்கள் அறியும். காலையில் இனித்து மாலையில் புளித்துவிடும் கள்ளை அறிந்தவருக்கு, நாளுக்கு நாள் சுவை மாறும் பானம் என்பது புதிரல்ல.

இனி அந்த 'வெதுவெதுப்பு'. நல்ல ஏல் 11 முதல் 13 பாகை வரையான நிலவறைக் குளிர்ச்சியில் வழங்கப்படுகிறது. கையில் ஏந்தினால் குளிர்ச்சி தெரியும். ஐந்து பாகைக்கும் கீழே குளிர்ந்த லாகருக்குப் பழகிய நாவுக்கு அது வெதுவெதுப்பாகத் தோன்றுவது இயல்பே. ஆயின் கடுங்குளிரில் நா சற்று மரத்துப் போகும். மால்ட்டின் இனிமையும் ஹாப்ஸின் மணமும் அடங்கிவிடும். இதை முதல் மிடறுக்கு முன்பே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாம் சொல்லவில்லை.

ஏல் அன்பர்கள் பலரிடம் உள்ள நோய் ஒன்றுண்டு: லாகரை இழிவாகப் பேசுவது. இதற்கொரு வரலாறு இருக்கிறது. 1960களில் பெரிய ஆலைகள், வடிகட்டிச் சூடேற்றி உயிர்நீக்கிய பியரைக் 'கெக்' எனப்படும் உலோகக் கலன்களில் அடைத்து, வாயுவால் உந்தி விற்கத் தொடங்கின. அதை எதிர்த்து 1971இல், அயர்லாந்தின் கெர்ரி பகுதிக்கு விடுமுறையில் சென்றிருந்த நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் தொடங்கியதே இன்று 'காம்ரா' என்றழைக்கப்படும் இயக்கம். அவ்வியக்கம் இல்லையேல் இம்மரபு அன்றே அருகியிருக்கக்கூடும். ஆனால் போராட்ட காலத்துக் கசப்பு, போராட்டம் தணிந்த பின்னும் சிலரிடம் தங்கிவிட்டது. 1842இல் பில்சன் நகரில் யோசெஃப் க்ரோல் என்ற பவேரியர் வடித்தெடுத்த பொன்னிற லாகர், மனிதகுலத்தின் அரிய ஆக்கங்களுள் ஒன்றல்லவா? அதை முறையாகச் செய்ய ஏலைக் காட்டிலும் அதிகப் பொறுமை வேண்டும். லாகரை மட்டம் என்று சொல்லி எவரையும் ஏலுக்கு அழைத்துவர முடியாது. அப்படிச் சொல்லும்போது அவருடைய இருபதாண்டு மகிழ்ச்சியை நாம் மட்டம் என்று சொல்லிவிடுகிறோம்.

சிற்றிதழ் வாசகர்களாகிய நமக்கு இவ்வியாதி நன்கு பரிச்சயமானதே. தொடர்கதைகளில் தோய்ந்திருக்கும் ஒருவரிடம், "இதெல்லாம் இலக்கியமா?" என்று கேட்டுவிட்டு, இருப்பதிலேயே கடினமான நாவலைக் கையில் திணித்து அனுப்பியதில்லையா நாம்? அவர் பின்னர் நம் பக்கமே வராமற் போனதற்கு அவருடைய தகுதியின்மையைக் காரணம் காட்டியதும் நாம்தானே?

ஆகவே எங்கிருந்து தொடங்குவது? அவர் நிற்குமிடத்திலிருந்துதான். லாகர் அருந்துபவர்களையும் ஈர்க்கும் பொன்னிற ஏல்கள் 1980களிலேயே வந்துவிட்டன. சாமர்செட்டின் எக்ஸ்மூர் கோல்ட், சாலிஸ்பரியின் சம்மர் லைட்னிங் போன்றவை பார்வைக்கு லாகரேதான். ஹாப்ஸின் எலுமிச்சை, புல் வாசனைகள் மட்டும் முன்னே நிற்கும். அதன்பின் செம்பு நிறப் பிட்டர்: லூயிஸ் நகரத்து ஹார்வீஸ் சஸ்ஸெக்ஸ் பெஸ்ட், யார்க்ஷயரின் டிமதி டெய்லர் லாண்ட்லார்ட் ஆகிய இரண்டும் நாலு சதவீதத்தை ஒட்டிய சாராயச் செறிவே உடையவை, நின்று பேசியபடி அருந்தத் தக்கவை. மைல்ட், போர்ட்டர், ஸ்டவுட் எல்லாம் அதற்கும் பின்னர். அளவும் முக்கியம். 568 மில்லி கொண்ட முழுப் பைன்ட் வேண்டாம். அரைப் பைன்ட் போதும். பல விடுதிகளில் கேட்டால் ஒரு மிடறு சுவைத்துப் பார்க்கவும் தருவார்கள். நண்பர் சைவர் எனில் ஒன்றை மறைக்கலாகாது: மரபான ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பதுண்டு. அதைச் சேர்க்காத ஏல்களும் இப்போது கிடைக்கின்றன, கேட்டு வாங்கலாம்.

எல்லாவற்றினும் முக்கியம் விடுதியைத் தேர்வது. பத்துக் கைப்பம்புகள் வரிசையாக நிற்பதைக் கண்டு மயங்க வேண்டாம். ஏல் பீப்பாய்களில் பரவலாகப் புழங்கும் ஃபர்கின் என்பது 72 பைன்ட் கொண்டது. திறந்தபின் ஏறக்குறைய மூன்று நாள்களில் அது தீர்ந்துவிட வேண்டும். இல்லையேல் காற்றுப் பட்டுப் புளிக்கத் தொடங்கும். அதாவது ஒரு பீப்பாய்க்கு நாளொன்றுக்கு 24 பைன்ட் விற்றாக வேண்டும். கூட்டமில்லாத விடுதியில் பத்துப் பம்புகள் இருந்தால் அவற்றுள் பலவும் காடியையே தரும். நாம் அன்று நண்பரை அழைத்துச் சென்றது அத்தகைய ஓரிடத்துக்குத்தான்!

இந்தக் கணக்கில்தான் இம்மரபின் உயிர் இருக்கிறது. குடிப்போர் குறைந்தால் ஏல் பழசாகிறது. பழசானதைக் குடித்தவர் மீண்டும் கேட்பதில்லை. குடிப்போர் மேலும் குறைகின்றனர். 2020 மார்ச் 20ஆம் நாள் பிரிட்டனின் விடுதிகள் பெருந்தொற்றின் பொருட்டு மூடப்பட்டபோது, நிலவறைகளில் திறந்திருந்த ஏல் சாக்கடைக்குப் போனது. அதைக் காத்துவைக்க வழியில்லை. அதற்குப் பின் எத்தனையோ விடுதிகள் திறக்கவேயில்லை. திறந்தவற்றுள் சில, தொல்லை வேண்டாமென்று கைப்பம்பைக் கழற்றிவிட்டன. இந்நிலையில் லாகர் அருந்தும் ஒருவரை ஏளனம் செய்து திருப்பியனுப்புவது, அந்த 24இல் ஒன்றை நாமே கீழே கொட்டுவதற்கு ஒப்பாகும்.

நண்பர் அடுத்த கோடையில் மீண்டும் வந்தார். லூயிஸ் நகரில், உள்ளூர்க்காரர்கள் நிறைந்த சிறு விடுதியொன்றில், பொன்னிற ஏல் அரைப் பைன்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவர் பாதிவரை அருந்தி, கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இது பரவாயில்லை" என்றார். பிறகு பிட்டர் ஒன்றும் கேட்டார். மூன்றாவதாக லாகர் வேண்டுமென்றார். நாமே எழுந்து சென்று வாங்கி வந்தோம்.