அனகோண்டா வில்லனா?



1997ல் வெளிவந்த, 'அனகோண்டா' திரைப்படத்தில், மனிதர்களை விரட்டி விரட்டி விழுங்கும் ராட்சதப் பாம்பு. நிஜ அனகோண்டா அப்படித்தானா?

தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ ஆற்றுப் பகுதிகளில் வாழும் பச்சை அனகோண்டா, உலகிலேயே எடை மிகுந்த பாம்பு வகை. பெண் பாம்பு, 5 மீட்டருக்கும் மேல் வளரும். ஆண் பாம்பு அதைவிட மிகச் சிறியது. விஷம் கிடையாது.

கண்களும், மூக்குத் துளைகளும் தலையின் மேல்பக்கம் இருப்பதால், உடலை நீருக்குள் மறைத்தபடி அசையாமல் காத்திருக்கும். மீன், பறவை, பன்றி அளவு வளரும் எலி இனமான கேபிபரா ஆகியவை சிக்கினால், சுற்றி வளைத்து இறுக்கும். ரத்த ஓட்டம் நின்று இரை இறந்ததும், முழுதாக விழுங்கும். பெரிய இரை கிடைத்துவிட்டால், பல வாரங்களுக்கு வேட்டையே இல்லை!

முட்டையிடாமல், ஒரே பிரசவத்தில் 20 முதல் 40 குட்டிகள் வரை போடும். தாய் பார்த்துக்கொள்ளாது, பிறந்த குட்டி தானே நீந்திப் பிழைக்க வேண்டும். பல குட்டிகள், பிற விலங்குகளுக்கு இரையாகிவிடும்.

மனிதரைக் கண்டால், பெரும்பாலும் நீருக்குள் நழுவி மறைந்துவிடும். தப்பி ஓடும் அந்தப் பாம்பைத்தான், பயத்தால் மனிதர்கள் அடித்துக் கொல்கின்றனர்.

யாரையும் வெறுக்கும் முன், கேட்ட கதை உண்மைதானா என்று விசாரியுங்கள், செல்லங்களே!

அன்புடன்,
ஆசிரியர்