பாசமுள்ள மகள் பங்கு கேட்க மாட்டாளாம்

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் காலமானால், கருமாதி முடிந்த கையோடு மகள்களிடம் ஒரு பேச்சு தொடங்கும். ‘அப்பா பேரைக் காப்பாத்தோணும், கம்பெனி உடையக்கூடாது, சும்மா ஒரு கையெழுத்துதான் கண்ணு.’ தன் பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தச் சும்மா கையெழுத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். போட்டுவிட்டால் அப்பா மேல் உயிரையே வைத்திருந்த பெண். யோசித்துச் சொல்கிறேன் என்றால் சொத்துக்காக அழுதவள்.

படித்தவர் படிக்காதவர் எல்லோரும் நம்புகிற இந்தக் கணக்கு சுத்த அநியாயம். மகன் பங்கை வாங்கிக்கொண்டேதான் அப்பா படத்துக்கு மாலை போடுகிறான். அவன் பாசத்தை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

‘அப்பாவோட ஆசையே அதுதான்’ என்பார்கள். ஆசை இருந்திருந்தால் உயில் எழுதியிருக்கலாமே! தன் சம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கச் சட்டம் அவரைத் தடுக்கவில்லை. டெலிவரி சலான் இல்லாமல் ஒரு ரோல் துணியைக்கூடச் சாயப்பட்டறைக்கு அனுப்பாத மனிதர், மகளுக்குப் பங்கில்லை என்பதை மட்டும் வாய்மொழியாக, அதுவும் மகன் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, தாய், மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்பது 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பலர் இதை 1989இல் வந்தது என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் அந்த 1989 திருத்தம் பூர்வீகச் சொத்துக்கானது. அதற்குமுன் கல்யாணமான பெண்களை அது விட்டுவிட்டது, 2005இல் மத்தியத் திருத்தம் அந்தக் குறையையும் தீர்த்தது. 2022 ஜனவரியில் அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் பின்னால் போனது. 1938இல் ஒருவர் கோர்ட்டு ஏலத்தில் எடுத்த நிலம். அவருக்கு ஒரே மகள். 1956க்கு முன்பே அவர் இறந்திருந்தாலும் சுயசம்பாத்தியம் மகளுக்குத்தான், பங்காளி வாரிசுகளுக்கு அல்ல என்று தீர்ப்பானது.

‘அதுதான் சீர் செஞ்சாச்சே’ என்பது அடுத்த வாதம். போட்ட நகையைப் பவுன் கணக்கில் சொல்பவர்கள், மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்ததையும் அவனுக்குப் புது யூனிட் போட்டுக் கொடுத்ததையும் எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

கம்பெனி வளர்ந்ததில் மகளுக்குக் கை இல்லையா என்ன? வீட்டு முன்வாசலில் நாலு மிஷின் போட்டுத் தொடங்கிய காலத்தை இந்த ஊர் அதற்குள் மறந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளைகள் புத்தகப் பையை வைத்ததும் தரையில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டினார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை பார்த்துத் தனியே எடுத்துவைத்தார்கள். பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டினார்கள். நைட் வேலைக்கு டீ கொதித்ததும் அவர்கள் கையில்தான். இந்த வேலைக்குச் சனிக்கிழமைச் சம்பளம் கிடையாது, வீட்டு வேலை அல்லவா!

மகனுக்கும் நியாயம் உண்டு. அப்பாவோடு கம்பெனியில் நின்று உழைத்த வருசங்களுக்கு அவனுக்குத் தனியாகக் கொடுக்கட்டும். பேங்க் கடன், நூல் பாக்கி எல்லாம் கழித்துத்தான் பங்கு என்பதும் சரியே. ஆனால் அதற்குக் கணக்கு மேசைக்கு வர வேண்டும். கணக்கைப் பூட்டிவைத்துவிட்டு அப்பா படத்தைக் காட்டிக் கையெழுத்துக் கேட்பது அப்பாவை விற்பதுதான்.

பங்கு கேட்டால் பொறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்று மிரட்டுகிறவர்கள், அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்குக்கு உடன்பிறந்தவளை, அதை நடத்தும் அருமைக்காரர் முன்னால் உட்கார வைத்தவர்கள்தான். அன்றைக்கு உறவுக்கு நிபந்தனை வைக்கவில்லையே.

பதிவான விடுதலைப் பத்திரத்தை லேசில் ரத்து செய்ய முடியாது. விரும்பி விட்டுக்கொடுக்கும் பெண் கொடுக்கட்டும், அது அவள் சொத்து. மற்றவர்கள் தலை குனியாமல், ‘போன வருச பேலன்ஸ் ஷீட்டைக் குடுங்கண்ணா, பாத்துட்டுச் சொல்றேன்’ என்று கேட்கலாம். அவர்கள் அப்பாவாக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.