கடலுக்கு அஞ்சாதவர்

வீரம் என்றால் என்னவென்று ஒருநாள் வகுப்பில் கேட்டேன். "கடலுக்குப் பயப்படாமல் போவது" என்றான் ஒரு மாணவன். "யுத்தத்தில் சண்டை பிடிப்பது" என்றான் மற்றவன். இவ்விரண்டையும் செய்துவிட்டு, வேறோர் இடத்தில் தோற்றுப்போன ஒருவரின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். அதையே இம்மாதம் உங்களோடும் பகிர்ந்து கொள்கிறேன்.

அவர் பெயர் ஸ்டேர்லிங் ஹெய்டன். 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். பதினாறு வயதளவில் படிப்பை விட்டுவிட்டுப் பாய்க்கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்திரண்டு வயதிலேயே கப்பற் தலைவராகி, பசிபிக் சமுத்திரத்தின் தஹிட்டித் தீவு வரை ஒரு பாய்க்கப்பலைச் செலுத்திச் சென்றார்.

ஆறடி ஐந்தங்குல உயரமும் அழகிய தோற்றமும் கொண்ட அவரை ஹொலிவூட் அழைத்துக் கொண்டது. 1941இல் முதற்படம் வெளிவந்தது. திரையுலகின் மிக அழகிய ஆண் என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் அந்தப் புகழ் அவர் மனதில் ஒட்டவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, நடிகர் என்ற அடையாளம் வேண்டாமென்று ஜோன் ஹமில்டன் எனப் பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்க மரீன் படையில் சேர்ந்தார். பின்னர் உளவுச் சேவையில் பணியாற்றினார். ஜேர்மனியரின் கண்ணில் படாமல், இத்தாலியிலிருந்து அட்ரியாட்டிக் கடலைக் கடந்து யூகோஸ்லாவியப் போராளிகளுக்குப் பொருட்கள் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை. அதற்காக வெள்ளி நட்சத்திரப் பதக்கமும் பெற்றார்.

அந்தப் போராளிகள் மீது கொண்ட மதிப்பினால், 1946இல் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே விலகியும் விட்டார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அக்காலத்தில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்று கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரணை நடத்தியது. பதில் கூற மறுத்த திரைத்துறையினர் பத்துப் பேர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். தான் முன்னர் கட்சியில் இருந்ததாக ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. கூட இருந்தவர்களின் பெயர்களையும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்பட்டவருக்கு வேலை போய்விடும். சொல்லாதவருக்கும் அதே கதிதான்.

1951 ஏப்ரலில் ஹெய்டன் அக்குழுவின் முன் அமர்ந்தார். பெயர்களைச் சொன்னார். அவர்களுள் நடிகை கரன் மோர்லியும் ஒருவர். பின்னர் விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது பதில் கூற மறுத்த அப்பெண்ணுக்கு ஹொலிவூட்டில் வேலை இல்லாமற் போயிற்று. ஹெய்டனோ தொடர்ந்து நடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் மனச்சாட்சி அவரை விடவில்லை. 1959இல், நீதிமன்ற உத்தரவையும் மீறி, தன் நான்கு பிள்ளைகளையும் 'வொண்டரர்' என்ற பாய்க்கப்பலில் ஏற்றிக்கொண்டு மீண்டும் தஹிட்டிக்குப் போனார். தாயின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் பிள்ளைகளைக் கடல் கடந்து கொண்டு போனதை நாம் வீரம் என்று சொல்ல முடியாது. 1963இல் அதே பெயரில் தன் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். அதில் தன் கடற்பயணங்களைச் சொன்னதோடு நிற்கவில்லை. அன்று பெயர்களைக் காட்டிக்கொடுத்த தன்னைத் தானே வெறுப்பதையும் ஒளிக்காமல் எழுதினார்.  அதன் பின்னரும் நடித்தார். 1972இல் வெளிவந்த 'கோட்பாதர்' படத்தில் இலஞ்சம் வாங்கும் பொலிஸ் அதிகாரியாக வருபவர் அவரே. 1986இல், எழுபதாவது வயதில் காலமானார்.

கதை முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, "மௌலவி, அவர் புத்தகத்தில் எழுதின பிறகு அந்த ஆட்களுக்கு வேலை திரும்பக் கிடைத்ததா?" என்று கேட்டான். "இல்லை மகன், பன்னிரண்டு வருஷம் போய்விட்டதே" என்றேன். வகுப்பு அமைதியாகி விட்டது.

அன்பான பெற்றோரே, புயலில் கப்பல் செலுத்துபவன் தன் உயிரைத்தான் பணயம் வைக்கிறான். நாவை அடக்கத் தெரியாதவனோ பிறரின் சோற்றைப் பணயம் வைத்து விடுகிறான். முன்னதற்கு உடலில் பலமிருந்தால் போதும். பின்னதற்கு வேண்டிய பலத்தைச் சிறு வயதிலேயே வளர்க்க வேண்டும்.

நாமோ அதனை முறித்து விடுகிறோம். வீட்டில் ஒரு பொருள் உடைந்தால், "யார் செய்ததென்று சொல், உன்னை விட்டு விடுகிறேன்" என்று பிள்ளையை மிரட்டுகிறோம். நானும் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் அப்படிக் கேட்டவன்தான். அந்தக் குழு ஹெய்டனிடம் கேட்டதும் அதைத்தானே? இனிமேல், "நீ என்ன செய்தாய்?" என்று மட்டும் கேட்போம். தன் தவறைத் தானே சொல்லும் பிள்ளையை அடிக்காமல் விடுவோம்.