கரைந்த பலபடி எங்கே போகிறது?

திருவனந்தபுரத்தின் ஆமையிழஞ்சான் தோட்டில் மிதக்கும் பிளாஸ்டிக் குப்பை அடிக்கடி செய்தியாகிறது. கண்ணுக்குத் தெரிவதால் அதைப் படமெடுக்கவும் அள்ளவும் ஆள் உண்டு. அதே நகரின் வலியசாலை அக்கிரகாரத்தில் ஒரு வீட்டுச் சுவருக்குப் புது வண்ணம் பூசி முடித்தபின், தூரிகையையும் உருளையையும் குழாயடியில் அலசும்போது ஓடுகிற வெள்ளை நீரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சற்றுத் தொலைவில் கிள்ளியாறு. அது கரமனையாற்றில் சேர்ந்து கடலை அடைகிறது.

அந்த வெள்ளை நீரில் மூன்று பொருள்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, வெண்மைக்குக் காரணமான டைட்டானியம் டைஆக்சைடு. 1946இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை கொச்சுவேளியில் இருப்பதால், இந்நகரத்தார்க்கு அது அறிமுகமான பெயர். அடுத்தது, சுவரில் படலமாக இறுகும் அக்ரிலிக் துகள்கள். இவ்விரண்டும் துகள்கள். மூன்றாவது, வண்ணத்தில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும் கெட்டிப்பான். அது கரைந்தே இருக்கிறது. கரைந்திருப்பதாலேயே எந்தக் கணக்கிலும் வராமல் போகிறது.

பழைய சுண்ணாம்புப் பூச்சில் இந்த வேலையைக் கஞ்சியும் வச்சிரமும் செய்தன. இன்றைய நீர்வழி வண்ணங்களில் அதைச் செய்பவற்றுள் முதன்மையானவை நீர்வெறுப்புத் தொகுதிகள் ஏற்றப்பட்ட நீரில் கரையும் பலபடிகள். நீரை விரும்பும் நீண்ட சங்கிலியில், இங்கொன்றும் அங்கொன்றுமாக அல்லது இரு முனைகளில் மட்டும், எண்ணெய்த்தன்மையுள்ள சிறு வால்கள் கோக்கப்படுகின்றன. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹெர்குலிஸ் நிறுவன ஆய்வாளர் லேண்டால், ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோசில் பதினாறு கார்பன் நீளமுள்ள வால்களை மிகச் சிறிதளவே ஏற்றிப் பாகுநிலை பன்மடங்கு உயர்வதைக் காட்டினார். அளவு சற்றுக் கூடினால் பலபடி நீரில் கரையாமலே போகும். செறிவு குறைவாயின் வால்கள் தம் சங்கிலிக்குள்ளேயே ஒடுங்குகின்றன. ஒரு வரம்பைத் தாண்டியதும் அயல் சங்கிலியின் வால்களோடு கூடி வலைப்பின்னல் ஆகின்றன. உருளை ஓடும்போது பின்னல் அவிழ்கிறது, நின்றதும் மீண்டும் முடிச்சிடுகிறது. வண்ணம் சுவரில் வழியாமல் நிற்பதும், உருளையிலிருந்து பூசுபவர் முகத்தில் தெறிக்காமல் இருப்பதும் இதனால்தான்.

சாலைக் கடைத்தெருவின் வண்ணக்கடைகளில் இதன் பலவீனத்தையும் பார்க்கலாம். வெளிர்நிறத்துக்குக் கலந்தால் கெட்டியாக இருக்கும் அதே அடிவண்ணம், அடர்நீலத்துக்குச் சாயம் ஏற்றியதும் நீர்த்துவிடுவதுண்டு. வாங்குபவர் கலப்படம் என்று ஐயுறுவார். சாயத்தோடு வரும் சோப்புத்தன்மைப் பொருள்களே பெரும்பாலும் காரணம். சிறிதளவு இருந்தால் அவற்றின் மைசெல்கள் சங்கிலிகளை இணைத்துப் பாகுநிலையை உயர்த்தும். மிகுந்தால் ஒவ்வொரு வாலுக்கும் தனித்தனி மைசெல் கிடைத்து முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்துவிடும். ஓர் ஆய்வேட்டுக்குரிய இயற்பியல் அந்தக் குலுக்கும் எந்திரத்தின் பக்கத்தில் நாள்தோறும் நிகழ்கிறது. பாடத்திட்டமோ பலபடிக் கரைசலைத் தூய நீரோடு முடித்துக்கொள்கிறது.

இனி இந்தத் துறை பேச விரும்பாத பகுதி. செல்லுலோசு வகைக் கெட்டிப்பான்களுக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் வாளிக்குள் நுண்ணுயிர் புகுந்தால், அவற்றின் செல்லுலேசு நொதி சங்கிலியை வெட்டிவிடும். வண்ணம் நாறி, தண்ணீராகிவிடும். ஆகவே அக்ரிலிக் முதுகெலும்புடையவையும் யூரித்தேன் வகைகளும் வந்தபோது, அந்நொதி அவற்றைத் தீண்டாது என்பது பெரிய நற்பண்பாக விற்கப்பட்டது. வாளிக்குள் அது நற்பண்பே. வாளிக்கு வெளியே, ஆற்றில், அதே பண்புக்கு வேறு பெயர் வேண்டும். கார்பனோடு கார்பன் பிணைந்த நீண்ட அக்ரிலிக் சங்கிலியை நுண்ணுயிர்கள் எளிதில் உண்பதில்லை. கெடாது என்று ஓர் ஆய்வுக்கட்டுரையின் முன்னுரை பெருமைப்படும்போது, எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்கும் மதிப்பீட்டாளர் அரியர்.

சட்டமும் இதே பார்வைக் குறையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பரில் கொண்டுவந்த நுண்நெகிழித் தடை, லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் நீரில் கரையும் பலபடிகளை விலக்கிவைக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு நெகிழிக் கழிவு விதிகளின் மையம் பையும் பொட்டலமும். திரவப் பொருள்களில் பயன்படும் பலபடிகள் உலகில் ஆண்டுக்குச் சுமார் 3.6 கோடி டன் என்று பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் மதிப்பிட்டுள்ளது. நுண்நெகிழி ஆய்வுகள் வடிதாளில் தங்கியதை எண்ணுகின்றன. கரைந்தது வடிதாளைக் கடந்துவிடுகிறது, கட்டுரையையும் கடந்துவிடுகிறது.

இப்பலபடிகள் கொடியவை என்று சொல்வது நேர்மையாகாது. கரைப்பான் நெடியடிக்கும் பழைய எண்ணெய் வண்ணங்களின் இடத்தை நீர்வழி வண்ணங்கள் பிடித்ததில் இவற்றின் பங்கு பெரிது. அடைத்த அறையில் நாள் முழுதும் பூசும் தொழிலாளியின் நுரையீரல் அதற்குக் கடன்பட்டிருக்கிறது. பெருமூலக்கூறு ஆதலால் உயிரணுவுக்குள் எளிதில் புகாது என்ற வாதமும் பெருமளவு சரியே. வால்களின் காரணமாகச் சேற்றிலும் களிமண்ணிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதும் உண்மைதான். ஆனால் அது பொருள் எங்கே போயிற்று என்பதற்கு விடை, என்ன ஆயிற்று என்பதற்கு அன்று. நேர்மின் சுமையும் சேர்ந்த வகைகள் தலைமுடிக் கண்டிஷனர்களில் உள்ளன. பொதுவாக நேர்மின் பலபடிகள் மீன்களின் செவுளில் படிந்து தீங்கு செய்யும் என்பது நன்கு அறியப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் இட்டுத் தீங்கற்றவை என்று கையெழுத்திடுவதற்கு வேதியியல் இடம் தரவில்லை.

வலியசாலை என்ற பெயரிலுள்ள சாலை கல்விச்சாலை என்பர். காந்தளூர்ச் சாலையை இங்கே வைத்துக் காணும் வரலாற்றாய்வாளர் பலர். இன்றும் இங்கிருந்து பாப்பனங்கோட்டு ஆய்வகமும் காரியவட்டத்துப் பல்கலைக்கழகமும் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. குறை சொல்ல வேண்டியது வினாக்களின் தேர்வை. புதிய கெட்டிப்பான் ஒன்றைச் செய்து, வாலையளந்த நீரில் பாகுநிலை வரைபடம் வரைந்து பட்டம் பெறும் முறை நாடெங்கும் நடப்பில் உள்ளது. உப்பு, சோப்பு, சேறு, நுண்ணுயிர் ஆகியவை கலந்த நீரில் அதே பலபடியின் மூலக்கூறு எடை மூன்று மாதத்தில் எவ்வளவு குறைகிறது என்ற ஒரு வரைபடத்தையும் ஆய்வேட்டில் கட்டாயமாக்கலாம். விலையுயர்ந்த கருவிகூடத் தேவையில்லை. ஜெல் ஊடுருவல் நிறவரைவியல் பல துறைகளில் ஏற்கெனவே இருக்கிறது.

வால் கோக்கும் வேதியியலுக்கு உள்ளூர் முதுகெலும்புகளுக்கும் பஞ்சமில்லை. உலகின் குவார் பிசினில் பெரும்பங்கு இந்தியாவில் விளைகிறது. நீர்வெறுப்பு வால் ஏற்றிய குவார் ஏற்கெனவே அழகுப் பொருள்களில் பயன்படுகிறது. பொம்மை செய்பவரும் நெசவாளரும் பசையாகக் காய்ச்சிய புளியங்கொட்டையின் சைலோகுளுக்கனும் அத்தகையதே. இவற்றையும் நொதிகள் வெட்டும். வாளியில் கெடாமல் காப்பது கடினம், அதற்காகச் சேர்க்கும் கிருமிக்கொல்லிகளும் மாசுதான். வாளிக்குள் ஈராண்டு நின்று, ஆற்றில் ஈராண்டுக்குள் அழியும் சங்கிலி எப்படி இருக்க வேண்டும்? அமிலத்திலோ வெயிலிலோ அறுபடும் கண்ணிகளை எந்த இடைவெளியில் இட வேண்டும், வாலைச் சுமக்கும் இணைப்பு முதலில் அறுந்தால் எஞ்சும் சங்கிலியை யார் உண்பார் என்பவை இன்னும் முழுதாக விடை காணாத வினாக்கள். அடுத்த ஆண்டு தலைப்புத் தேடும் மாணவர் ஒருவர், கிள்ளிப்பாலத்தடியில் ஒரு குடுவை நீரை மொண்டுவந்து தொடங்கலாம்.